வண்டியின் வரவு செலவு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

மின்சாரம் என்றதும் நம் நினைவுக்கு வருவது தெருமுனைக் கம்பமும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு தேடி வந்து அளவெடுத்துப் போகும் மின்வாரிய ஊழியரும்தான். வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளும் ஒரு சிறிய மின்நிலையம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதற்கும் உற்பத்தி உண்டு; விநியோகம் உண்டு; பற்றாக்குறை உண்டு; மின்தடையும் உண்டு. அங்கே பற்றாக்குறை வந்தால் ஊரே இருளில் இருக்கும். இங்கே வந்தால் வண்டிக்காரர் ஒருவர் மட்டும் நடுவழியில் நிற்பார்.

அந்த ஒருவர் நம் வீட்டுக்குச் சோறு போடுபவராக இருந்துவிட்டால், இந்தச் சிறிய மின்நிலையத்தின் கணக்கு நமக்குப் பெரிய கணக்காகிவிடுகிறது. எனக்கு அப்படித்தான் ஆயிற்று. அந்தக் கணக்கை நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

விடியற்காலைப் பாதை

என் தந்தை செய்தித்தாள் முகவர் ஒருவரிடம் லைன் வேலை பார்க்கிறார். மலையேறி வரும் பேப்பர் கட்டுகளை உதகையில் அதிகாலை நான்கரை மணிக்கு வாங்கி வண்டியில் கட்டிக்கொண்டு, பாலாடா, நஞ்சநாடு, இத்தலார் பக்கமாக எமரால்டு வரை கடைகளுக்கும் வீடுகளுக்கும் போட்டுவிட்டுத் திரும்புவார். பேப்பர் தாமதமானால் கடைக்காரர் முகம் சுளிப்பார். அடிக்கடி தாமதமானால் லைனே கைமாறிப் போகும்.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் பாலாடா பள்ளத்துக் காய்கறித் தோட்டங்கள் உறைபனியால் சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்துக் கிடக்கும். வெப்பமானி 2 டிகிரி காட்டும் காலையில், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் தோலுக்கு அது மைனஸ் 5 டிகிரி போல் உறைக்கும். 2001ஆம் ஆண்டு முதல் கனடாவும் அமெரிக்காவும் பயன்படுத்தும் காற்றுக் குளிர்ச் சூத்திரத்தில் எண்களைப் போட்டால் வரும் விடை இது. என் தந்தைக்குச் சூத்திரம் தெரியாது; விடை தெரியும்.

சென்ற ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு நாள் அவர் வீடு திரும்பியபோது சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியவில்லை. விரல் நுனிகள் வெளுத்து, நகக்கண்கள் நீலம் பாய்ந்திருந்தன. அம்மா சுடச்சுடத் தேநீர்க் குவளையைக் கையில் கொடுத்தார். பிடிக்கிறோமா இல்லையா என்பதே அவருக்குத் தெரியவில்லை. குவளை நழுவி விழுந்தது. குவளை போனால் போகிறது. அதே விரல்கள்தான் அரை மணி நேரத்துக்கு முன் மலைப்பாதை வளைவுகளில் பிரேக்கையும் கிளட்சையும் பிடித்திருந்தன என்று எண்ணியபோதுதான் எனக்கு உள்ளே நடுக்கம் எடுத்தது.

எங்கோ பிறந்த உடை

மின்சாரத்தால் சூடேறும் உடை புதிதன்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் 25,000 அடி உயரத்தில், மைனஸ் 40 டிகிரிக் குளிரில் பறந்தன. விமானத்துக்குள் வெப்ப வசதி போதாது. வீரர்கள் கம்பியிழை தைத்த உடையை அணிந்து, விமானத்தின் 24 வோல்ட் மின்சுற்றில் செருகிக்கொண்டார்கள். முதலில் வந்த எஃப்-1 என்னும் வகை தொடர்ச் சுற்றாக அமைந்திருந்தது. கையுறையில் ஒரு கம்பி அறுந்தால் உடை முழுவதும் குளிர்ந்துவிடும். பின்னர் வந்தவற்றில் இணைச் சுற்றாக மாற்றினார்கள். பிளஸ் டூவில் நாம் மனப்பாடம் செய்த தொடர், இணைச் சுற்று வேறுபாடு அங்கே உயிரோடு விளையாடியிருக்கிறது!

இன்று குளிர்நாடுகளில் தொலைதூரம் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் இத்தகைய உடைகளை இயல்பாக அணிகிறார்கள். கையுறை ஒரு சோடிக்கு 25 வாட் அளவில் தேவை; கைப்பிடி ஹீட்டருக்கு 30 முதல் 40 வாட்; மேலங்கிக்கு 75 முதல் 90 வாட். ஓய்வாக உட்கார்ந்திருக்கும் மனிதரின் உடல் வெளியிடும் வெப்பமே ஏறக்குறைய 100 வாட்தான். ஆகவே மேலங்கி அணிந்தவர், இன்னொரு மனிதரின் உடற்சூட்டையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு போகிறார் என்று சொல்லலாம்.

அவர்களால் அது முடிகிறது. பி.எம்.டபிள்யூ. ஆர் 1250 ஜி.எஸ். என்னும் பெரிய வண்டியின் ஆல்டர்னேட்டர் 508 வாட் தரும். நம் ஊர்ச் சிறிய வண்டி அந்தக் கணக்கில் எந்த மூலைக்கு?

என் தந்தையோடு இதே வேலை பார்க்கும் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்காமலே ஒரு மேலங்கியை வரவழைத்து, நேராகப் பேட்டரியில் இணைத்துக்கொண்டார். முதல் நாள் சொர்க்கம் என்றார். மூன்றாம் நாள் எமரால்டுக்கு அருகே வண்டி நின்றது. கிக்கரை உதைத்துப் பார்த்தும் பயனில்லை. 2020 ஏப்ரல் முதல் தேதிக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பெட்ரோலை உள்ளே தள்ளும் பம்புக்கே மின்சாரம் வேண்டும். பேட்டரி அடியோடு சோர்ந்துவிட்டால் டாங்கி நிறையப் பெட்ரோல் இருந்தும் பயனில்லை. சரக்கு வேனில் வண்டியை ஏற்றிக்கொண்டு அவர் திரும்பினார். அந்த லைன் இப்போது வேறொருவரிடம் இருக்கிறது.

இதைக் கேட்ட என் தந்தை, "குளுரு போனாப் போகுது அம்மிணி, வண்டி நிக்கக் கூடாது" என்று பேச்சை முடித்துவிட்டார். எனக்கு மனம் முடியவில்லை.

அம்மாவின் நோட்டு

என் தாயார் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கேரட் கழுவும் இடத்தில் கூலி வேலை. அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, அடியில் கையிருப்பு. அவருக்குச் சில விதிகள் உண்டு. வாடகையும் வண்டித் தவணையும் முதலில். அவற்றைத் தொடக் கூடாது. வரவு முழுவதையும் செலவுக்கு ஒதுக்கக் கூடாது. வேலை இல்லாத நாளுக்கென்று தனியாகக் கொஞ்சம் இருக்க வேண்டும்.

வண்டியின் மின்கணக்கை எப்படி எழுதுவது என்று யோசித்தபோது எனக்கு இந்த நோட்டுத்தான் வழிகாட்டியது. நாலாம் பக்கத்தைப் புரட்டி அதே போல் கோடு போட்டேன்.

வரவு என்பது என்ஜினோடு சுழலும் மேக்னட்டும் அதற்குள் இருக்கும் காயிலும் தருவது. அது நிலையான சம்பளமன்று; தினக்கூலி. என்ஜின் வேகமாகச் சுழன்றால் அதிகம் வரும்; ஐடிலிங்கில் நிற்கும்போது மிகக் குறையும். பேட்டரி என்பது வரவே ஆகாது, அது கையிருப்பு. எடுத்ததைத் திருப்பி வைக்க வேண்டும்.

செலவில் முதல் வரி முன்விளக்கு, 35 வாட். 2017 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புதிய இருசக்கர வண்டிகளில் என்ஜின் ஓடும்வரை முன்விளக்கும் எரிந்தே தீர வேண்டும் என்பது விதி. அணைக்கச் சுவிட்ச் கிடையாது. அதாவது அது வீட்டு வாடகை. பெட்ரோல் பம்பும் இன்ஜெக்‌ஷனும் இக்னிஷனும் வண்டித் தவணை போன்றவை. அவற்றைத் தொட்டால் வண்டியே ஓடாது. பின்விளக்கு, ஹாரன், இண்டிகேட்டர் எல்லாம் சில்லறைச் செலவு. எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு? அதுதான் கேள்வி.

கையிருப்போ மிகச் சிறிது. என் தந்தையின் வண்டிப் பேட்டரி 4 ஆம்பியர்-மணி. 80 வாட் மேலங்கி 12 வோல்ட்டில் ஏறக்குறைய 6.7 ஆம்பியர் இழுக்கும். வண்டி ஐடிலிங்கில் நின்று அத்தனையும் பேட்டரியிலிருந்தே போனால், ஏட்டுக் கணக்கில் 36 நிமிடம். குளிரில் பேட்டரியின் வலு குறைவதாலும், வேகமாக உறிஞ்சினால் அது முழு அளவைத் தராததாலும் உண்மையில் அதற்கும் குறைவு. ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று நின்று போகும் பேப்பர் வண்டிக்கு இது என்ன ஆகும் என்பதை எமரால்டு சாலையே காட்டிவிட்டது.

அளவுக்கு மேல் ஏற்றினால் மயிலிறகுப் பாரமும் வண்டியின் அச்சை முறிக்கும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரிக்கிறார். மின்சாரம் மயிலிறகைவிட எடை குறைந்தது. அதனால்தான் அது பாரம் என்பதே நமக்கு உறைப்பதில்லை.

நான்கு பல்புகள்

வரவை யாரும் எழுதித் தரவில்லை. அளந்துதான் அறிய வேண்டியிருந்தது. எங்கள் மின்னியல் ஆசிரியர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு மல்டிமீட்டரைக் கொடுத்தார். தெருமுனை மெக்கானிக் அண்ணன் 21 வாட் இண்டிகேட்டர் பல்புகள் நான்கைக் கொடுத்து, "கழட்டிப் போட்டுராத பாப்பா" என்று பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

சோதனை எளிது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்து, பல்புகளை ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டே போக வேண்டும். வோல்ட் 13.5க்கு மேல் நின்றால் பேட்டரிக்கு வரவு இருக்கிறது. 13க்குக் கீழே இறங்கினால் கையிருப்பு கரைகிறது.

சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு ஒப்பாக என்ஜினைச் சுழலவிட்டபோது, பல்பு இல்லாமல் 14.2 வோல்ட். ஒரு பல்புக்கு 14.1. இரண்டுக்கு 13.9. மூன்றாவதை இணைத்ததும் 13.1க்கு வழுக்கியது. நான்காவதற்கு 12.6. ஐடிலிங்கிலோ பல்பே இல்லாமல் 13.3தான், ஒரே ஒரு பல்பை இணைத்ததும் 12.7.

ஆகவே ஓடும்போது இரண்டு பல்பு அளவு, அதாவது 42 வாட் மிஞ்சுகிறது. நிற்கும்போது ஒன்றுமே மிஞ்சவில்லை. இந்த இரண்டு வரிகளை நோட்டில் எழுதியபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, தேர்வில் மதிப்பெண் பார்த்தபோதுகூட ஏற்பட்டதில்லை.

இந்த 42 வாட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறிய வண்டிகளில் உள்ள ஷண்ட் வகை ரெகுலேட்டர், தேவைக்கு மேல் வரும் மின்னோட்டத்தைக் காயிலுக்கே திருப்பிச் சுற்றவிட்டு வெப்பமாக்கித் தீர்த்துவிடுகிறது. என் தந்தையின் கைகள் விறைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், அவர் காலடியில் வெப்பம் வீணாகிக்கொண்டிருந்தது!

எதை வைப்பது, எதை விடுவது?

42 வாட்டில் மேலங்கி அடங்காது. அது பட்டியலிலிருந்து போயிற்று. "முன் லைட்டுக்கு எல்.இ.டி. பல்பு மாட்டிட்டா பதினஞ்சு வாட்டாச்சும் மிச்சமாகும் பாப்பா" என்றார் மெக்கானிக் அண்ணன். மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் முன்விளக்கின் கிண்ணம் ஹாலஜன் பல்பின் இழை இருக்கும் இடத்துக்கென்று வடிவமைக்கப்பட்டது. வேறு பல்பை மாட்டினால் ஒளி சிதறி, மூடுபனியில் எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும். நம் விரலுக்குச் சூடு தேடி இன்னொருவர் கண்ணைக் கெடுப்பது முறையன்று. அதுவும் போயிற்று.

அடுத்து, செலவில்லாத வெப்பத்தைத் தேடினேன். குளிர் மிகும்போது உடல் நெஞ்சையும் வயிற்றையும் காப்பதற்காக விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. ஆகவே விரல் விறைக்காமல் இருக்க முதலில் நெஞ்சு குளிராமல் இருக்க வேண்டும். இதற்கு என் தந்தையிடமே மருந்து இருந்தது. விற்காமல் திரும்பிய பழைய பேப்பரை நான்காக மடித்துச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்வார். பிரான்ஸ் நாட்டு சைக்கிள் பந்தய வீரர்களும் மலையிறங்கும்போது இதையே செய்வார்கள் என்று சொன்னதும், "அப்பிடியா!" என்று வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார். காகித மடிப்புகளுக்கு இடையே சிறைப்பட்ட காற்றுத்தான் அங்கே போர்வை. அதற்கு வேண்டிய மின்சாரம் பூஜ்யம் வாட்.

கைகளுக்கும் அதே தத்துவம். பழைய ரெக்சின் துணியில் கைப்பிடியை மூடும் இரண்டு உறைகளை அம்மா தைத்துக் கொடுத்தார். பிரேக்கும் கிளட்சும் உள்ளே தடையின்றி அசைகின்றனவா என்று பகல் வெளிச்சத்தில் பலமுறை ஓட்டிப் பார்த்த பிறகே அதைக் கட்டினோம். காற்று நின்றது. பாதிக் குளிர் அதிலேயே போயிற்று.

மீதிக்குத்தான் மின்சாரம்: 36 வாட் கைப்பிடி ஹீட்டர் ஒரு சோடி. அதைக் குறைத்து வைக்க இரண்டு வழிகள் உண்டு. தொடராக ஒரு மின்தடையைச் சேர்த்து ஹீட்டரின் வெப்பத்தைப் பாதியாக்கினால், கைக்கு 18 வாட் போகும். மின்தடையில் ஏழரை வாட் வீணாகும். வினாடிக்குப் பலமுறை இணைத்து அறுக்கும் மின்னணுச் சுவிட்ச் என்றால், பாதி நேரம் முழு மின்சாரம், பாதி நேரம் ஒன்றுமில்லை. வீணாவது மிகக் குறைவு. வரவு குறைந்த வீட்டுக்கு இரண்டாவதே ஏற்றது.

வண்டி நிற்கும்போது ஹீட்டரை அணைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கட்டை எடுத்துப் போட்டு, சில்லறை வாங்கி, அடுத்த கடைக்கு ஓடுகிறவர் ஒவ்வொரு முறையும் சுவிட்சை நினைத்துக்கொண்டிருக்க முடியுமா? அதற்கென்றே வோல்ட்டைப் பார்த்துத் தானே இணைப்பை அறுக்கும் சிறு பலகை ஒன்று கிடைக்கிறது. 12.8க்குக் கீழே இறங்கினால் அறுக்கவும், 13.4ஐத் தாண்டினால் மீண்டும் இணைக்கவும் அதை அமைத்தேன். நின்றால் சூடு தானே நிற்கும். ஓடினால் தானே வரும். இத்தோடு, சாவியைத் திருப்பினால் மட்டுமே மின்சாரம் போகும்படி ஒரு ரிலே. பேட்டரி முனையருகே 5 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் காப்பது ஹீட்டரை அன்று. வண்டிக்குள் ஓடும் கம்பியை. உரசிய கம்பி சட்டத்தில் பட்டால், பெட்ரோல் டாங்கிக்கு அடியில் தீப்பொறி பறக்காமல் இருப்பது அந்தச் சிறு துண்டினால்தான்.

எல்லாம் சேர்த்து 2,350 ரூபாய் ஆயிற்று. புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு வரும் மாதம் ஆயிரம் ரூபாயில் இரண்டு மாதப் பணம். மீதியை அம்மா கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நோட்டில் அதற்கு "அப்பா கை" என்று தலைப்பிட்டிருக்கிறார்.

முதல் பட்டத்தின் முதல் வேலை

கல்லூரியில் சேர்ந்தபோது தந்தையின் கல்வித் தகுதி என்ற கட்டத்தில் ஐந்தாம் வகுப்பு என்று எழுதினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர் எனக்கு முன் யாருமில்லை. "பி.எஸ்ஸி. படிச்சா என்ன வேல கெடைக்கும்?" என்று எங்கள் தெருவில் கேட்காதவர் இல்லை. என் தந்தை மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் நான் புத்தகத்தை விரித்து உட்காரும்போதெல்லாம் சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போவார். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது; சொல்ல எனக்கும் வந்ததில்லை. மல்டிமீட்டரின் முள்முனைகளை அவர் கையில் கொடுத்து, "இங்க வச்சுப் பாருங்கப்பா" என்று சொன்ன அன்றுதான் முதன்முறையாக நாங்கள் இருவரும் ஒரே பாடத்தைப் படித்தோம். பல்பு கூடக் கூட எண் இறங்குவதைக் கண்டு, "நம்ம வூட்டுக் கணக்குத்தான்" என்றார் அவர். ஆற்றல் அழிவின்மை விதிக்கு இதைவிட எளிய விளக்கத்தை நான் எந்த நூலிலும் கண்டதில்லை.

இந்தக் குளிர்காலத்தில் 31 நாட்கள் புறப்படும்போதும் திரும்பும்போதும் வோல்ட்டைக் குறித்து வைத்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பிற்பாதியில் அவரே எழுதினார். வண்டி ஒரு நாளும் வழியில் நிற்கவில்லை. மழை கலந்த இரண்டு நாட்களில் ரெக்சின் உறை நனைந்து ஹீட்டர் இருந்தும் கை குளிர்ந்தது உண்மை. அதற்கு அடுத்த ஆண்டு வேறு துணி பார்க்க வேண்டும். ஆனால் பொத்தானைக் கழற்ற யாரையும் அழைக்க வேண்டிய நிலை அவருக்கு வரவில்லை. "வெரலு என்னோடதா இருக்குது அம்மிணி" என்றார் ஒரு நாள். அவ்வளவுதான் அவர் சொன்னது.

நம் கல்லூரி நண்பர்களின் வீடுகளில் பால் எடுப்பவர், காய்கறி ஏற்றுபவர், எஸ்டேட் காவலுக்குப் போகிறவர் என்று விடியுமுன் வண்டி எடுக்கும் தந்தைமார் பலர் இருப்பார்கள். கூடுதல் விளக்கோ, போன் சார்ஜரோ, சூடேறும் கையுறையோ எதைப் பொருத்துவதானாலும் முதலில் வரவை அளந்து கொள்ளுங்கள். வண்டிக்கு வண்டி அளவு மாறும். என் தந்தையின் 42 வாட் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. நான்கு பல்புகளையும் மெக்கானிக் அண்ணன் எனக்கே கொடுத்துவிட்டார். மல்டிமீட்டருக்கு ஆசிரியரிடம் கையெழுத்துப் போட்டால் போதும். சனிக்கிழமை மதியம் வண்டியோடு வாருங்கள், சேர்ந்து அளக்கலாம்.